பிட்டுப் பதத்துக் குளிசை

எருக்கலம்பிட்டியில் காமில் நானாவுக்கு வங்காளம் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். காமில் நானாவுக்கு மட்டும் அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கில் இருந்து வெளியேற்றியபோது, ஊரோடு புத்தளத்துக்குப் போன அவருக்கு இருபது வயது. சில வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்து அலுத்துப்போய், ஒரு ஏஜென்சிக்காரரைப் பிடித்துக் கட்டாருக்கு ஏறிவிட்டார். அங்கே ஒரு தொழிலாளர் முகாமின் குசினியில் பதினொரு வருடம். எண்ணூறு பேருக்குச் சமையல். சமைத்தவர்கள் அத்தனை பேரும் பங்களாதேஷ்காரர்; வெங்காயம் உரித்ததும் சட்டி கழுவியதும் காமில் நானா. ஊருக்குத் திரும்பும் வழியில் வெங்காயமும் சட்டியும் கடலில் விழுந்திருக்க வேண்டும். கரை சேர்ந்தது 'கட்டாரில் தலைமைச் சமையல்காரர்' என்ற பெயர் மட்டும்தான். அதன் பிறகு ஊரில் எந்தக் கலியாண வீட்டுச் சமையலும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. அகப்பையைத் தொடமாட்டார். ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, உப்பு எப்போது போடுவது என்று விரலால் காட்டுவார்.

வங்காளமும் அந்த முகாமில் பொறுக்கியதுதான். எண்ணிப் பார்த்தால் நாற்பது சொல் தேறும். முப்பது சொல் குசினியைச் சேர்ந்தவை, ஐந்து கிரிக்கெட்டைச் சேர்ந்தவை, மிச்சம் ஐந்தும் பள்ளிவாசல் பக்கம் கொண்டுபோகக் கூடாதவை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. மன்னார்த் தீவில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடத் தெரியாது என்பதால், நாற்பது சொல் வைத்திருந்தவர் பண்டிதராகிவிட்டார்.

அவருடைய மனைவி நசீறாவுக்குச் சீனி வருத்தம், கிளினிக்கில் சொல்வது நீரிழிவு. நாட்டில் டொலர் தீர்ந்துபோன வருடம் பெற்றோலும் காஸும் மட்டுமா காணாமல் போயின, அதற்கு அவள் விழுங்கும் குளிசையும்தான் காணாமல் போனது. கிளினிக்கில் துண்டு எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். வெளியிலோ விலை மூன்று மடங்கு. நசீறா ஒருவரிடமும் சொல்லாமல் பாக்குவெட்டியை எடுத்தாள். ஒவ்வொரு குளிசையையும் அதில் வைத்து இரண்டாக நறுக்கி, பாதியை விழுங்கிவிட்டுப் பாதியை பிஸ்கற் ரின்னில் போட்டு மூடினாள். கேட்டதற்கு, டொக்டர்தான் குறைத்தவர் என்றாள். பிறகு காலில் ஒரு சின்னப் புண் வந்தது. வந்த புண் ஆறாமல் போய், கடைசியில் சின்ன விரலைக் கழற்ற வேண்டியதாயிற்று. அன்று ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் நின்று காமில் நானா அழுதார். தன்னுடைய கண்ணீருக்கு வெங்காயத்தைச் சாட்டாக அவரால் சொல்ல முடியாத ஒரே நாள் அதுதான்.

அதற்குப் பிறகு குளிசை வரும், வராது. வந்த மாதத்திலும் நசீறா பாக்குவெட்டியை விடவில்லை. முழுதாகப் போடச் சொல்லிக் காமில் நானா எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பார். அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"இண்டைக்குக் கிடக்கு. நாளைக்கு?"



இப்படி இருக்கும்போதுதான் அதே தீவில் தாராபுரத்துக்குப் பக்கத்தில், பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஒரு குளிசை ஆலை முளைத்தது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வேலை. வாசலில் கழுதைகள் நிழலுக்கு ஒதுங்கி நிற்கும். உள்ளே வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி, கையுறை. முகாமையாளர் றெனால்ட், தலைமன்னார்ப் பெடியன், பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கம் படித்தவன். அவர்கள் முதலில் மெசினில் அடிக்க நினைத்தது சீனி வருத்தத்துக் குளிசையைத்தான். பங்களாதேஷில் ஒரு குளிசை ஆலை தன்னுடைய செய்முறை முழுவதையும் சும்மா கொடுக்கச் சம்மதித்திருந்தது. நூற்றி நாற்பது பக்கம், இங்கிலீசில். அதோடு பரீட்சித்துப் பார்க்க மூன்று தடவைக்கான மருந்துத் தூள். சொல்லிக் கொடுக்க இரண்டு பேர்.

இரண்டு பேரில் இங்கிலீசு தெரிந்த எஞ்சினியருக்கு விசா கிடைக்கவில்லை. இங்கிலீசு தெரியாத மெசின்காரர் ஹாருன் மியாவுக்குக் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு நாள் விசா. றெனால்ட் கைத்தொலைபேசியை நீட்டி மொழிபெயர்க்கப் பார்த்தான். மியா பேசியது அவருடைய ஊர்ப் பேச்சு, அதுவும் வாய் நிறைய வெற்றிலையோடு. கைத்தொலைபேசி திணறிப்போய், மியா ஆட்டுச் சந்தையைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னது. ஆகவே வங்காளம் தெரிந்த ஆள் தேவை என்று கோயிலிலும் பள்ளிவாசலிலும் சொல்லி வைத்தார்கள்.

காமில் நானா போனது சம்பளத்துக்கு அல்ல. குளிசை அடிக்கும் இடத்துக்குள் எப்படியாவது ஒரு காலை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். றெனால்ட் பேசிக் காட்டச் சொன்னபோது, முகாமின் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு விபரத்தை ஏற்ற இறக்கத்தோடு வங்காளத்தில் சொன்னார். சோறு, பருப்பு, ஆட்டிறைச்சி, வெங்காயம், மிளகாய், தண்ணீர். றெனால்ட் அசந்துபோய் அந்த இடத்திலேயே வேலை கொடுத்தான்.

ஹாருன் மியா மெலிந்த மனிதர். முப்பத்திரண்டு வருடம் குளிசை அடித்த கை. காமில் நானா ஸலாம் சொல்லி, சோறு சாப்பிட்டீர்களா என்று வங்காளத்தில் கேட்டதும் மியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார். எல்லோரும் காமில் நானாவைப் பார்த்தார்கள்.

"வந்ததில நல்ல சந்தோசமாம்," என்றார் காமில் நானா. "காத்துத்தான் கொஞ்சம் கூடவாம்."

அரிசி பருப்பைத் தாண்டி இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்பது மியாவுக்கு முதல் நாளே விளங்கியிருக்கும். ஆனால் அதை எடுத்துச் சொல்வதற்கும் காமில் நானாதானே மொழிபெயர்க்க வேண்டும்.

குளிசை அடிப்பது வெளியில் இருந்து பார்த்தால் பெரிய வித்தை இல்லை. மருந்துத் தூளோடு கஞ்சி மாதிரி ஒரு பசையைச் சேர்த்துக் குழைக்க வேண்டும். குழைத்ததை அரித்து, உலர்த்தி, மெசினில் போட்டு அமுக்க வேண்டும். எவ்வளவு பசை, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் கடதாசியில் இருந்தது. றெனால்ட் கடதாசியை நம்புகிறவன். மூன்றாம் நாள் முதல் பரீட்சை. மாக்கிறட் அக்கா குழைக்கிற பொறுப்பு, வேணுஜா தராசு. மாக்கிறட் அக்கா பேசாலையில் பத்து வருடம் கருவாட்டு வாடியில் நின்றவள்; கையுறைக்குள் கை வேர்க்கிறது என்பதைத் தவிர வேறு முறைப்பாடு இல்லாதவள். கடதாசியில் இருந்தபடியே பசையை ஊற்றினாள்.

அந்த நேரம்தான் ஹாருன் மியா முன்னால் வந்து, வலது கையைப் பொத்தி, எல்லோருடைய முகத்துக்கும் நேரே ஆட்டிக்கொண்டு சத்தமாக ஏதோ சொன்னார். முகாமில் பதினொரு வருடம் சண்டை பார்த்த அனுபவம் காமில் நானாவுக்கு.

"அடிக்கப் போறாராம்," என்றார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றார்கள். மியா பொத்திய கையோடு கிட்ட வந்தார். வேணுஜா அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். மியா கையைப் பொத்துவதும் விரிப்பதும், விரித்த கையைக் காட்டுவதும், மறுபடியும் பொத்துவதுமாக நின்றார். கோபம் தணிந்து தணிந்து ஏறுகிறது என்று காமில் நானா விளக்கம் சொன்னார்.

அன்றைக்கு அடித்த குளிசைகளுக்குத் தலை நிற்கவில்லை. மெசினில் இருந்து விழுந்ததும் மேல் பக்கம் தொப்பி கழன்றது போல் தனியாக வந்தது. தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று கதவிடுக்கால் புகுந்து பசையை உலர்த்திவிட்டது என்று றெனால்ட் நினைத்தான். ஆறாம் நாள் பசையைக் கூட்டி ஊற்றினார்கள். மியா இரண்டு கையையும் பொத்திக் காட்டினார். இரட்டைக் கோபம் என்றார் காமில் நானா. இந்த முறை குளிசை கல்லாகிவிட்டது. தண்ணீரில் போட்டு அரை மணித்தியாலம் பார்த்தார்கள். கரைகிற எண்ணமே அதற்கு இல்லை. வயிற்றுக்குள் போனாலும் போனபடியே வெளியே வந்துவிடும் என்று றெனால்ட் சொன்னான்.

ஒரு தடவைக்கான தூள்தான் மிச்சம். அதுவும் பிழைத்தால் சங்கம் கட்டடத்தை ஒரு நண்டுக் கொம்பனிக்குக் கொடுத்துவிடும் என்று றெனால்ட் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னான். சொல்லும்போது காமில் நானாவைப் பார்த்து, மியா வேறு ஏதும் சொன்னாரா என்று கேட்டான். பொறுமையாக இருக்கச் சொன்னார் என்றார் காமில் நானா. சொல்லிவிட்டு வெளியே வந்து கழுதைகளோடு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய கண்ணுக்கு முன்னால் பாக்குவெட்டிதான் நின்றது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். காமில் நானா கெட்டிக்காரர். சரியாக எட்டாம் நாள் பின்னேரம் நசீறாவுக்கு முன்னால் வந்து குந்தினார்.

"நசீறா, அந்த மனுசன் சொல்றதில அரைவாசிதான் எனக்கு விளங்குது."

"அரைவாசியோ?"

"கால்வாசி." அவர் விரலை மடக்கி எண்ணினார். "தண்ணி விளங்கும். மா விளங்கும். கை விளங்கும். மிச்சமெல்லாம் நானே சேர்த்துச் சொன்னது."

நசீறா ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கட்டார்க் கூட்டாளிகளோடு தொலைபேசியில் பேசும்போது அவர் பேசியதைவிடச் சிரித்ததே கூட என்பது அவளுக்குக் கலியாணம் முடித்த நாளில் இருந்தே தெரியுமாம். தெரிந்துதான் பேசாமல் இருந்தாளாம்.

"நாளைக்கு ஆலை லீவெல்லோ, காலமை அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள். "எட்டு நாளாக் கடைப் பராட்டா. பசிச்ச மனுசன் என்னத்தைச் சொல்லிக் குடுப்பார்?"

மறுநாள் காலையில் ஹாருன் மியா சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்தார். கை கழுவுவதற்குப் பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார் காமில் நானா. போகிற வழியில்தான் குசினிக் கொட்டில். காஸ் முடிந்த வீடு, ஆகவே விறகடுப்பு. நசீறா நிலத்தில் இருந்து பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். அகப்பைக்காம்பால் கிளறுவாள், சுடுதண்ணீரை ஒரு சொட்டுத் தெளிப்பாள், காற்று மாவை உலர்த்தும், இன்னொரு சொட்டுத் தெளிப்பாள். பிறகு ஒரு பிடி மாவை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பொத்தினாள். விரித்தாள். மா விரல் அடையாளத்தோடு கட்டியாக இருந்தது. பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

ஹாருன் மியா அப்படியே நின்றுவிட்டார். அடுத்த கணம் நசீறாவுக்கு எதிரே சப்பாணி கட்டி இருந்து, கேட்காமல் கொள்ளாமல் அவளுடைய மாச் சட்டிக்குள் கையை விட்டார். நசீறா முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். இருபத்தேழு வருடத்தில் அவளுடைய மாச் சட்டிக்குள் புருசனுடைய கைகூடப் போனதில்லை. மியா ஒரு பிடி அள்ளிப் பொத்தினார். பொத்திய கையை உயர்த்தி, ஆலையில் ஆட்டிய அதே மாதிரி, காமில் நானாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார். பிறகு விரித்துத் தட்டினார். உதிர்ந்தது.

காமில் நானாவுக்குத் தலைக்குள் ஏதோ விழுந்தது போல் இருந்தது. அடிக்கப் போறாராம் என்று சொல்லி ஒரு ஆலை முழுவதையும் ஆறு நாள் ஓட ஓட விரட்டியவர் அவர். ஹாருன் மியா காட்டியது குத்து இல்லை, பதம். பசை எவ்வளவு என்று கடதாசி சொல்லாது, காற்றுக்கு ஏற்றபடி கைதான் சொல்லும் என்று அவர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தலைமைச் சமையல்காரருக்கு அது விளங்கவில்லை. விளங்குவது எப்படி? பதினொரு வருடமும் அவர் பதம் பார்த்தது சட்டி காய்ந்துவிட்டதா என்று மட்டும்தானே.

பிட்டும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டார்கள். மியா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். தங்களுடைய ஊரிலும் குளிர்காலத்தில் மாவை இப்படிப் பிசறித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து அவிப்பார்கள் என்பதைக் கையால் காட்டினார். ஒன்பது நாளில் காமில் நானாவுக்கு முழுதாக விளங்கிய முதல் பேச்சு அதுதான்.

சாப்பிட்டு முடிந்து வெற்றிலைத் தட்டம் வந்தது. மியா பாக்கு நறுக்கப் பாக்குவெட்டியை எடுத்தார். எடுத்தவர் அதன் அலகை விரலால் தடவினார். விரலில் வெள்ளைத் தூள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் அந்தத் தூளோடு இருந்தவருக்கு வேறு யாரும் சொல்லத் தேவை இல்லை. ஆனாலும் காமில் நானாவை நிமிர்ந்து பார்த்தார்.

காமில் நானா நாற்பது சொல்லிலும் தேடினார். மனைவிக்கு ஒரு சொல் இருந்தது, பாதிக்கு ஒரு சொல் இருந்தது, இல்லை என்பதற்கு ஒன்று இருந்தது. அந்த மூன்றையும் அடுக்கிச் சொன்னார். இலக்கணம் எப்படியோ, அன்றுவரை அவர் மொழிபெயர்த்ததில் பொய் கலவாதது அது ஒன்றுதான். மியா பாக்கு நறுக்கவில்லை. பாக்குவெட்டியைத் தட்டத்தில் வைத்துவிட்டு, வெறும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் காலையில் காமில் நானா ஒரு கோப்பை நிறையப் பிட்டு மாவை மூடிக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆலைக்குப் போனார். வாசலிலேயே மாக்கிறட் அக்காவின் கையில் ஒரு பிடியை வைத்துப் பொத்தச் சொன்னார். அவள் பொத்தி, விரித்து, தட்டிப் பார்த்தாள்.

"இது பிட்டு மா எல்லோ நானா."

"இந்தப் பதத்துக்குத்தான் மருந்தும் குழைக்கோணுமாம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. நான் கடதாசியைப் பார்த்தெல்லோ ஊத்தினனான். கடதாசி பார்த்து ஆர் பிட்டுக் குழைக்கிறது?"

றெனால்ட் கேட்டுக்கொண்டு நின்றான். மெதுவாகக் கேட்டான்: "நானா, அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் என்ன மொழிபெயர்த்தனீங்கள்?"

ஊரில் இனி ஒரு கலியாண வீட்டிலும் கதிரை கிடைக்காது என்று காமில் நானாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னார். "மனசில பட்டதைச் சொன்னனான் தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குக் குசினிப் பேச்சு மட்டும்தான் தெரியும்."

றெனால்டுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தைக் காட்ட நேரம் இல்லை. மியாவுக்கு இரண்டு நாள்தான் மிச்சம்.

மூன்றாவது பரீட்சைக்குக் கடதாசியை மூடி வைத்தார்கள். மாக்கிறட் அக்கா கையுறையை இறுக்கிக்கொண்டு, பசையைக் கொஞ்சம் ஊற்றுவாள், மெசினை நிறுத்தச் சொல்லுவாள், ஒரு பிடி அள்ளிப் பொத்துவாள். மியா பக்கத்தில் நின்று தானும் ஒரு பிடி பொத்துவார். அவர் போதும் என்றார் வங்காளத்தில். அவள் காணாது என்றாள் தமிழில். அவர் தலையை ஆட்டினார். அவள் வெளியில் அடிக்கிற கச்சான் காற்றைச் சுட்டிக்காட்டி இன்னும் அரைக் கரண்டி ஊற்றினாள். மியா மறுபடியும் பொத்திப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலையைச் சாய்த்தார். அத்தனை வாக்குவாதத்திலும் ஒருவரும் காமில் நானாவின் பக்கம் திரும்பவில்லை. அவர் மூலையில் கை கட்டி நின்று, தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதிக்கொண்டிருந்தார்.

குளிசை விழுந்தது. தலை கழலவில்லை. றெனால்ட் ஆறு குளிசையைத் தண்ணீரில் போட்டு மணிக்கூட்டைப் பார்த்தான். நாலு நிமிடத்தில் முதலாவது கரையத் தொடங்கியது. ஏழாவது நிமிடம் ஆறும் மாவாகிவிட்டன. மாக்கிறட் அக்கா கையுறையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். மியா அலுமாரிப் பக்கம் போய், கையைப் பொத்தி வேணுஜாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார். அவள் இந்த முறை ஓடவில்லை, தானும் ஒரு கையைப் பொத்திக் காட்டினாள்.

நூற்றி நாற்பது பக்கத்தோடு றெனால்ட் நூற்றி நாற்பத்தோராவது பக்கத்தைச் சேர்த்தான். கையில் பொத்தினால் கட்டியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும் என்று படத்தோடு எழுதிப் பங்களாதேஷுக்கும் ஒரு பிரதி அனுப்பினான். பதில் வந்தது: அங்கேயும் இதே மாதிரித்தானாம். எழுதி வைக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லையாம். அடுத்த வருடம் எத்தியோப்பியாவில் இருந்து இரண்டு பேர் இதைப் பழக மன்னாருக்கு வருகிறார்கள். கட்டாரில் தனக்கு ஒரு எத்தியோப்பியா ட்ரைவரைத் தெரியும் என்று காமில் நானா தொடங்கினார். றெனால்ட் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

குளிசையை வெளியில் விட அரசாங்க அனுமதி வந்து சேரப் பத்து மாதம் எடுத்தது. கிளினிக்கில் நசீறாவுக்கு அந்த மாதக் குளிசையைக் கொடுத்தபோது, பெட்டியில் மன்னார் என்று அச்சடித்திருந்ததைக் காமில் நானா வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் நசீறா ஒரு குளிசையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பார்த்தாள். பிறகு, பழக்கத்தில், தட்டத்தில் கிடந்த பாக்குவெட்டிக்குக் கையை நீட்டினாள்.

காமில் நானா ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

"நாளைக்கும் கிடக்கு," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மொழிபெயர்ப்பில் எவ்வளவு பொய் சேர்ப்பார் என்பது அவளுக்குத் தெரியும். இதில் சேர்க்கவில்லை என்பதும் தெரிந்தது. குளிசையை முழுதாக வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

அன்று பின்னேரம், மூன்று வருடத்துக்குப் பிறகு, அந்தப் பாக்குவெட்டியில் நசீறா பாக்கு நறுக்கினாள்.